பிள்ளைக்கு அடைக்கலம் யார்?

அகதி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஆனால் அதன் பொருளை நின்று நினைப்பவர் சிலரே. கதி என்றால் புகலிடம். கதி இல்லாதவன் அகதி. வீட்டை இழந்தவன், ஊரை இழந்தவன், நாட்டை இழந்தவன் ஆகியோரையே உலகம் அகதி என்று கணக்கிடுகிறது. பெரியவர்களைப் பொறுத்தமட்டில் அந்தக் கணக்குச் சரியே. ஆனால், மூன்று வயதுக் குழந்தைக்கு ஊர் ஏது? நாடு ஏது? எல்லைக்கோடு இன்னதென்று அதற்குத் தெரியுமா? அதற்குத் தெரிந்த நாடெல்லாம் தாயின் மடியும் தந்தையின் தோளுந்தான். அவை இருக்கும்வரை மரத்தடியில் படுத்தாலும் அது அகதியன்று. அவை போய்விட்டாலோ, அல்லது தாயும் தந்தையும் உடலால் அருகிலிருந்தும் உள்ளத்தால் எங்கோ போய்விட்டாலோ, மாடி வீட்டில் வைத்தாலும் அது அகதியே.

இதை ஒப்புக்கொண்டால் ஒரு கேள்வி எழுகிறது. போரினாலும் கலவரத்தினாலும் சிதறிய குடும்பத்துக்கு உதவ முன்வரும் நாம், எதைக் கொடுத்தால் உதவி செய்தவர்களாவோம்? அரிசியும் துணியும் கொடுத்தால் போதுமா? பிள்ளையை நல்லதொரு விடுதியில் சேர்த்துவிட்டால் கடமை தீர்ந்ததா? பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அறுந்துபோன பாசக் கயிற்றை வெளியார் எவராலும் முடிந்துவிட முடியுமா? வணிகப் பெருமக்களே! கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் கடை வைத்துப் பிழைத்துவரும் நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. நம் முன்னோரின் கடை வாசலில் ஒரு முறை வந்து நின்ற கேள்வி. இன்று நம் வாசலிலும் வந்து நிற்கும் கேள்வி.

சயாமுக்குப் போனவர்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். 1942 ஜனவரித் தொடக்கத்தில் கோலசிலாங்கூர்க் கடற்கரையிலும் அவர்களுடைய படகுகள் தோன்றின. அம்மாதம் 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை. பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், ரவாங், பத்தாங் காலி என்று பரந்து கிடந்த தோட்டங்களில் வேலை குறைந்தது, கூலியும் குறைந்தது, அரிசியின் இடத்தை மரவள்ளிக்கிழங்கு பிடித்துக்கொண்டது.

அந்த நிலையில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்றை ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்தார்கள். போர்க்கைதிகளின் உழைப்பு மட்டும் போதவில்லை. 1943 ஏப்ரலிலிருந்து மலாயாத் தோட்டங்களில் ஆள் திரட்டத் தொடங்கினார்கள். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆசை காட்டியும் ஆள் சேராத இடத்தில் வற்புறுத்திப் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டிவைத்துக் கதவை அடைத்து, வந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய கதையும் உண்டு. மலாயாவிலிருந்து இவ்வாறு போனவர்கள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைந்தன. அதற்குள் வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் தம் வேலையைச் செய்துவிட்டன. அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 90 ஆயிரம் பேர் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மாண்ட நேசநாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தோட்டத்து மக்களுக்கோ முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

இவையெல்லாம் தண்டவாளத்தின் கணக்கு. லயத்து வீட்டின் கணக்கு வேறு. மூன்று மாதம் என்று சொல்லிப் போன தகப்பன் வரவில்லை. தாய் காட்டுக்கீரை தேடவும் கிழங்கு பிடுங்கவும் போனாள். முன்பெல்லாம் தாய்மார் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். நண்பகலுக்குமேல் தாய் வருவாள் என்பது பிள்ளைக்குத் தெரியும். போனவர் வருவார் என்னும் அந்த நிச்சயந்தான் அதன் உலகைத் தாங்கிய தூண். ஜப்பான்காரன் காலத்தில் அத்தூணே சரிந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு உயிர் பிழைத்தவர்கள் படிப்படியாகத் திரும்பினார்கள். திரும்பியவன் போனவனாகத் திரும்பவில்லை. காலில் ஆறாப் புண். உடம்பில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல். கண்ணை மூடினால் மூங்கில் கொட்டகையும் பிணக்குவியலும். அவன் விட்டுப்போன இரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. வாசலில் வந்து நிற்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து அது அலறி ஓடினால் அதில் வியப்பென்ன? உயிரைப் பிடித்துக்கொண்டு வந்ததே இந்தப் பிள்ளைக்காக என்று எண்ணிய தகப்பனுக்கு அந்த அலறல் எப்படி இருந்திருக்கும்? இருப்புப்பாதை செய்த கொடுமையின் கடைசிப் பகுதி அந்த லயத்து வாசலில் நடந்தது.

நம் வீட்டுக் கதையும் அதுவே

தோட்டத்தாரின் துயரை நாம் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியதில்லை. பனைக்குளம், சித்தார்கோட்டை, கடையநல்லூர், கூத்தாநல்லூர், நாகூர், காரைக்கால் ஆகிய ஊர்களிலிருந்து சபர் வந்தவர்கள் நம் முன்னோர்கள். குடும்பம் அங்கே, கடை இங்கே. யுத்தம் மூண்டதும் கடலுக்குப் பூட்டுப் போட்டதுபோல் ஆயிற்று. 1942 முதல் 1945 வரை மூன்றரை ஆண்டுகள் ஒழுங்கான கடிதப் போக்குவரத்தும் இல்லை, பணம் அனுப்ப வழியும் இல்லை. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் மனைவி காத்திருந்தாள். அத்தா எப்போது வருவார் என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிட்டன.

யுத்தம் இல்லாத காலத்திலும் சபராளி வீட்டில் இது சிறிய அளவில் நடப்பதே. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்புகிறவன் பெட்டி நிறையத் துணியும் மிட்டாயும் அத்தரும் கொண்டுபோகிறான். பிள்ளை மிட்டாயை வாங்கிக்கொள்கிறது; வாங்கிய கையோடு உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இரவில் “அந்த ஆள் எப்போது போவார்?” என்று காதோடு கேட்கிறது. வீட்டார் சிரிக்கிறார்கள். தகப்பன் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறான். படத்தில் பார்த்த அத்தாவை அது நேசிக்கத்தான் செய்தது. ஆனால் ஆபத்து நேரத்தில் ஓடிச்சென்று ஒட்டிக்கொள்ளப் படம் போதாது.

இதிலிருந்து முதற்பாடம் ஒன்றைப் படிக்கலாம். இரத்தம் பாசத்துக்கு வாய்ப்பைத் தருகிறது, பாசத்தைத் தருவதில்லை. அன்றாடம் அருகிலிருந்து செய்யும் சிறு காரியங்களால்தான் பாசம் விளைகிறது. ஆகவே அறுந்ததும் அவ்வாறே, அன்றாடச் சிறு காரியங்களாலேயே, மீண்டும் கூடவேண்டும். ஒரு பெட்டிச் சாமானால் அது கூடாது.

குண்டு மழையில் கற்ற பாடம்

சயாம் பாதையில் நம்மவர் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், லண்டன் நகரத்துப் பிள்ளைகளும் யுத்தத்தில் அகப்பட்டிருந்தன. 1939 செப்டம்பரில், விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, பிள்ளைகளும் தாய்மாருமாக ஏறத்தாழ 15 லட்சம் பேரைச் சில நாட்களிலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோரின்றித் தனியே போயின. உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது, குற்றம் சொல்வதற்கில்லை.

லண்டனிலேயே ஹாம்ஸ்டெட் பகுதியில் அன்னா பிராய்டு என்னும் அம்மையார், டாரத்தி பர்லிங்ஹாம் என்னும் தோழியாருடன் சேர்ந்து யுத்தக்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார். அன்னா பிராய்டு தாமும் ஓர் அகதியே. 1938இல் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்தவர். அவ்விருவரும் பிள்ளைகளை நாள்தோறும் கவனித்து எழுதிவைத்தார்கள். அவர்கள் கண்டது அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. குண்டு விழும்போது தாயின் அருகிலிருந்த பிள்ளை, தாய் நிதானமாக இருந்தால், பெரும்பாலும் தானும் தாங்கிக்கொண்டது. பத்திரமான இடத்தில் தாயைப் பிரிந்திருந்த பிள்ளையே அதிகம் வாடியது. குண்டின் ஓசையைவிடத் தாயின் முகத்தையே பிள்ளை நம்பி வாழ்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

கண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. காப்பகத்துப் பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு செவிலித்தாயை வைத்தார்கள். பெற்ற தாய்மார் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். தாய் வந்துபோனால் பிள்ளை அழுமே, அழவிடாமலிருப்பதல்லவா நல்லது என்று அந்நாளில் பல ஆஸ்பத்திரிகளில் எண்ணினார்கள். இவர்களோ, அழட்டும், அழுகை பாசம் உயிரோடிருப்பதற்கு அடையாளம் என்று கருதினார்கள்.

பின்னர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்து எட்டு நாள் இருந்த இரண்டு வயதுப் பிள்ளையைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். பிரிந்த பிள்ளை முதலில் அழுது அழைக்கிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. பிரிவு நீண்டால் யாரையும் நாடாமல் அமைதியாகிவிடுகிறது என்று அவரும் ஜான் பௌல்பி என்ற அறிஞரும் விளக்கினார்கள். “பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும்” என்று நாம் சொல்வது இந்த மூன்றாம் நிலையைப் பார்த்துத்தான். அது மறதியன்று; நம்புவதை நிறுத்திக்கொண்ட நிலை. தாய் திரும்பி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அடிப்பதும், பிறகு ஒரு நொடியும் விடாமல் பின்தொடர்வதும் வெறுப்பினால் வருவன அல்ல. மறுபடியும் போய்விடமாட்டாயே என்ற கேள்வியைப் பிள்ளை வாயால் கேட்கத் தெரியாமல் நடத்தையால் கேட்கிறது.

1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காகப் பௌல்பி எழுதிய அறிக்கை இவற்றையெல்லாம் தொகுத்து, குழந்தைக்கு இடையறாத அன்புறவு வேண்டும் என்றும், அதைக் கொடுக்கப் பெற்றோருக்குச் சமுதாயத்தின் துணை வேண்டும் என்றும் வற்புறுத்தியது. இந்த இரண்டாவது பாதியை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது.

பாசமும் நாணயமும்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுகள் 1945இல் வெறும் காகிதமாயின. பெட்டி நிறைய வைத்திருந்தவனும் ஏழையானான். அப்போது மறுபடியும் கடை திறந்தவனுக்கு உண்மையான முதல் எது? சொன்ன நாளில் சொன்னதைக் கொடுப்பான் என்று அவனைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததன்று. சிறு தொகையைக் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டிக் கட்டி வளர்த்தது.

பிள்ளையும் இப்படியொரு பற்று வரவுக் கணக்கை வைத்திருக்கிறது. அதில் மூன்றே இனங்கள். நான் அழுதால் வருகிறாரா? போகிறேன், வருகிறேன் என்று சொன்னால் சொன்னபடி வருகிறாரா? கோபித்துக்கொண்டால் பிறகு கூடிக்கொள்கிறாரா? இந்த மூன்றுக்கும் பெரும்பாலான நாட்களில் ஆம் என்று பதில் எழுதப்பட்டால் பிள்ளை அச்சமின்றி விளையாடப் போகும். எல்லா நாளும் எழுதப்பட வேண்டும் என்பதில்லை. எட்வர்டு டிரானிக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களிலிருந்து தாயையும் கைக்குழந்தையையும் எதிரெதிரே உட்காரவைத்து ஆராய்ந்தார். நல்ல தாயும் பிள்ளையுங்கூட நொடிக்கு நொடி ஒத்துப்போவதில்லை. தவறிப்போவதும் மறுபடி ஒத்துக்கொள்வதுமாகவே காலம் கழிகிறது என்று கண்டார். தவறு நேராமையைவிடத் தவறு சீராவதே பிள்ளைக்கு உரமாகிறது. இது நொந்துபோன பெற்றோருக்கெல்லாம் ஆறுதலான செய்தி. அறுந்தது என்பதனாலேயே அழிந்தது என்று ஆகிவிடாது.

ஆனால், அன்றாடம் இந்தத் தவணையைக் கட்டவும் ஒரு முதல் வேண்டுமல்லவா? இரவில் உறக்கமில்லாதவன், நாளைக்கு உலை வைக்க அரிசியில்லாதவன், வாசலில் நிழலாடினால் திடுக்கிடுகிறவன், கண்முன்னே உடன்பிறந்தோரைப் பலிகொடுத்தவள் ஆகிய இவர்கள், பிள்ளை அழும்போது அமைதியாகப் போய்த் தூக்க எங்கிருந்து பொறுமையைக் கொண்டுவருவார்கள்? அவர்களுடைய பெட்டி காலி. இங்கேதான் அண்டை அயலாரின் கடமை பிறக்கிறது. முதலிழந்த வியாபாரிக்கு நாம் கைமாற்றுக் கொடுக்கிறோம். அவனுடைய கல்லாவில் நாமே போய் உட்கார்ந்துகொள்வதில்லை. அதுபோல, பெற்றோரின் இடத்தில் நாம் போய் நிற்காமல், அவர்கள் மீண்டும் பெற்றோராக நிற்பதற்கு வேண்டிய உறக்கத்தையும் உணவையும் துணையையும் மதிப்பையும் கொடுப்பதே உதவி. பிள்ளைக்கு அடைக்கலம் பெற்றோர். பெற்றோருக்கு அடைக்கலம் சமுதாயம். இந்த வரிசை மாறினால் நல்லெண்ணமும் தீங்காக முடியும்.

மூஸா நபியின் தாய்

இவ்வரிசையை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். ஆண் குழந்தைகளைக் கொல்லும் அரசனுக்கு அஞ்சி மூஸா (அலை) அவர்களின் தாயார் பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டதும், அது அரண்மனைக்கே போய்ச் சேர்ந்ததும் நாம் சிறுவயதிலிருந்து அறிந்த வரலாறு. அரண்மனையில் இல்லாத பொருள் எது? ஆயினும் பிள்ளை எந்தச் செவிலியின் பாலையும் ஏற்கவில்லை. பின்தொடர்ந்து சென்ற சகோதரியின் சொல்லால் பெற்ற தாயிடமே அது மீண்டது. தாயின் கண்ணும் குளிர்ந்தது. அரண்மனை அத்தாய்க்குக் கூலியும் கொடுத்தது என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். கவனியுங்கள்: அரண்மனையின் செல்வம் பிள்ளையைத் தாயின் கைவழியாகவே சென்றடைந்தது.

குஞ்சுகளை இழந்து சிறகடித்த பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்ட செய்தியும் ஹதீஸ்களில் உண்டு. பறவைக்கே இந்த நீதி என்றால் மனிதருக்கு எவ்வளவு? அநாதையை வளர்ப்பதை மாபெரும் நன்மையாக்கிய மார்க்கம், வளர்ப்புப் பிள்ளையை அதன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கச் சொன்னதும் இதே கருத்தால்தான். ஆதரவு கொடுப்பவன் பிள்ளையின் வேரை அறுத்துத் தன் வேரை ஒட்டிவைக்கக் கூடாது.

எழும் தடைகள்

“நல்ல விடுதிகள் இருக்கின்றனவே, மூன்று வேளை சோறும் ஓதலும் படிப்பும் கிடைக்குமே, அங்கே சேர்த்துவிட்டால் என்ன?” என்று அன்பர்கள் கேட்பதுண்டு. பெற்றோரும் உறவினரும் அற்ற பிள்ளைக்கு விடுதி வேண்டியதுதான். அதை நடத்துவோர் போற்றுதற்குரியவர். ஆனால் வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு, உயிரோடிருக்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துச் சேர்ப்பது வேறு. விடுதியில் ஆகும் செலவின் ஒரு பகுதியைத் தாயிடம் கொடுத்திருந்தால் அவளே வளர்த்திருப்பாளா என்று ஒரு முறையாவது கணக்குப் பார்ப்பது நம் கடமை.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு கேள்வி உண்டு. அது கடினமான கேள்வி. துன்பத்தால் மனம் குலைந்த தகப்பன் பிள்ளையையே அடித்து நொறுக்கினால் என் செய்வது? சயாமிலிருந்து மீண்டவர்களில் கள்ளுக்கடையில் மறதி தேடியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பெற்றவன் என்பதற்காக அவனிடமே விட்டுவிடுவதா? கூடாது. பிள்ளை பெற்றவனின் உடைமையன்று. அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்துக்கு ஆபத்து வந்தால் காப்பது அருகிலிருப்பவர் கடமை. உயிருக்கும் மானத்துக்கும் இடர் என்றால் பிள்ளையை உடனே பாதுகாப்பான கைக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் முதலில் பாட்டி, மாமன், பெரியம்மா என்று அது அறிந்த முகத்தைத் தேடவேண்டும். பார்த்துவரும் வழி பத்திரமாக இருக்கும்வரை அதை அடைக்கலாகாது. தகப்பனைக் கெட்டவன் என்று பிள்ளையின் காதில் ஓதலாகாது. அவனுக்கு வைத்தியம் பார்ப்பதையும் மறக்கலாகாது. தண்டனையாகப் பிரிப்பது வேறு; சீராகும்வரை தள்ளிவைப்பது வேறு.

“நம் ஏழைகளே ஆயிரம் இருக்க அந்நியருக்கு ஏன்?” என்பது மற்றொரு தடை. இத்தடையை எழுப்புவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது அவர்களும் அந்நியரே. இந்த மண்ணின் மக்கள் இடம் கொடுத்தார்கள். தோட்டத்துக் கூலிக்காரன் தன் சம்பளநாள் காசை நம் கடையில் கொட்டினான். அந்தக் கடனை வந்த வழியே திருப்பிக் கட்ட முடியாது. அடுத்து வருகிறவனுக்குத்தான் கட்ட முடியும்.

இன்று நம் வாசலில்

அப்படி அடுத்து வந்தவர்கள் யார்? பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்களே பெரும்பகுதியினர். 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கிருந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தமான் கடலில் படகேறி மலேசியாவை நோக்கி வந்தவர்களும் பலர். 2015 மே மாதம் பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் காட்டில் கடத்தல்காரர்களின் முகாம்களும் புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். சயாம் எல்லைக் காட்டில் பெயரற்ற புதைகுழிகள் என்ற செய்தி தோட்டத்து முதியவர்களின் நெஞ்சில் எதைக் கிளறியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தில் பதிவுபெற்று மலேசியாவில் இருந்தவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அவர்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். மாநிலங்களில் சிலாங்கூரிலேயே அதிகமானோர் வாழ்ந்தனர். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே வேலை, பள்ளி, நாளைய தினம் என்ற எதிலும் அவர்களுக்கு உறுதியில்லாத நிலை நீண்ட காலமாக இருந்து வந்திருக்கிறது. காலையில் போன தந்தை மாலையில் வருவாரா என்ற அதே பழைய கேள்வியோடு ஒரு பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தை நாம் மாற்றிவிட முடியாது. சட்டத்தை மீறும்படி யாரையும் தூண்டவும் வேண்டியதில்லை. ஆனால், நம் கைக்கு எட்டிய காரியங்கள் சில உண்டு.

கொடுப்பதைப் பெற்றோரின் கையில் கொடுப்போம். பிள்ளை பார்க்கும்படி தந்தையை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துக் கொடுக்கும் அரிசி, வயிற்றை நிரப்பினாலும் வீட்டைக் குறைக்கும். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நம்மைப்போல் தமிழ் பேசும் வணிகர் பலர் கடையையும் கணக்கேட்டையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக் குடிசைகளில் போய் உட்கார்ந்தார்கள். நேற்றுவரை தராசு பிடித்த கை இன்று பங்கீட்டுக்கு நீளுகிறது. அதைப் பார்க்கும் மகனின் உள்ளத்தில் தந்தையின் உருவம் சிறுக்காதா? அந்த உருவத்தைக் காப்பதும் தர்மமே. சாமானைத் தந்தையிடம் தனியே கொடுத்து, அவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

கொடுப்பதை ஒழுங்காகக் கொடுப்போம். பெருநாளைக்கு ஒரு மூட்டை என்பதைவிட மாதந்தோறும் குறித்த நாளில் குறித்த அளவு என்பது மேல். அடுத்த மாதம் உறுதி என்று அறிந்த தாய் இன்றிரவு உறங்குவாள். உறங்கிய தாய் காலையில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே பிள்ளைக்கு மருந்து.

நம் வீட்டுப் பெண்மணிகள் வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அந்தத் தாய்மாரோடு உட்காரலாம். பழைய ஆயாக்கொட்டகையில் தாய் வேலைக்குப் போய்விடுவாள். இங்கே தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கட்டும். அனுபவப்பட்ட மூதாட்டி ஒருத்தி கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பயந்துபோன இளந்தாய்க்குப் பாதித் தைரியம். நடந்த கொடுமைகளைச் சொல்லும்படி பிள்ளைகளை யாரும் துருவிக் கேட்கவேண்டாம். தானாகச் சொன்னால் கேட்போம். சொல்லாவிட்டால் விளையாட விடுவோம்.

பிரிந்து கூடிய தந்தைமாருக்கு நம் சபராளிகளே நல்ல ஆசான்கள். பிள்ளையைப் பிடித்துத் தள்ளி “அத்தாவை முத்தமிடு” என்று வற்புறுத்தவேண்டாம். அது ஒளிந்திருந்து பார்க்கும், பார்க்கட்டும். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் பள்ளிக்குக் கூட்டிப்போவது, ஒரு வேளைச் சோற்றைத் தாமே பிசைந்து வைப்பது, செருப்பு அறுந்தால் தைத்துக் கொடுப்பது ஆகிய சிறு வேலைகளைத் தந்தை தம் பெயரில் எழுதிக்கொள்ளட்டும். வெளியே போகும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவவேண்டாம். அழுதாலும் சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்தில் திரும்பட்டும். மாதங்கள் ஆகும், சில வேளை ஆண்டும் ஆகும். கடை வைத்துக் கடன் கட்டியவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதன்று. இரவு முழுதும் உறங்காதவரை, தம்மையறியாமல் கையோங்குகிறவரை, வெட்கப்படாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் நண்பராகவும் நாம் இருக்கலாம்.

சயாமிலிருந்து மீண்ட தோட்டத்துத் தகப்பனுக்கும் அலறி ஓடிய அவன் பிள்ளைக்கும் இடையே நின்று இவற்றைச் செய்ய அன்று போதிய கைகள் இல்லை. நாடே நோயிலும் பசியிலும் கிடந்தது. இந்த அறிவும் அன்று பரவவில்லை. இன்று அந்தச் சமாதானத்தை நாம் சொல்ல முடியாது. நமக்குத் தெரியும், நம்மிடம் ஓரளவு இருக்கவும் செய்கிறது. ஓர் அகதிக் குடும்பத்தை ஒரு கடை ஏற்றுக்கொண்டு, ஓராண்டு மாதந்தவறாமல் அதன் பெற்றோருக்குத் துணை நின்றால் போதும். அந்தப் பிள்ளை வளர்ந்தபின் நம் பெயரை நினைவில் வைத்திராமற் போகலாம். தன் அத்தாதான் தன்னைக் காப்பாற்றினார், தன் தாய்தான் தன்னை ஆளாக்கினாள் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் நம் உதவி முழுமை பெற்றது என்று பொருள்.